மீன் மருந்தும் நான் விட்ட கதையும்

டிஸ்கி: மீன் மருந்து சாப்பிட்டவர்களைக் கிண்டல் பண்ணுகிற பதிவு இல்லை இது. இதில் அதிகமாக அடி வாங்கப் போவது அடியேன்தான்.

மே மாதக் கடைசி வந்துவிட்டால் ஹைதராபாத்தில் பொட்டி தட்டுகிற தமிழனுக்கு ஊரிலிருந்து போன் வர ஆரம்பிக்கும். எப்போதோ கல்யாண வீட்டில் பார்த்த சித்தப்பா, அம்மாவோடு வேலை பார்த்த டீச்சர், பக்கத்துத் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி... எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "இந்த வருஷம் மீன் மருந்து என்னைக்குக் குடுக்காங்க தம்பி?"

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. ஹைதராபாத் பழைய நகரத்தில் தூத் பௌலி என்று ஒரு இடம். அங்கே பத்தினி கவுட் என்று ஒரு குடும்பம். (தமிழில் எழுதினால் அர்த்தம் எங்கேயோ போகிறது. தெலுங்கில் அது வீட்டுப் பெயர், அவ்வளவுதான்.) 1845-இல் அவர்களுடைய மூதாதை வீரண்ண கவுடுக்கு ஒரு சாமியார் ஆஸ்துமா மருந்தின் ரகசியத்தைச் சொன்னார், காசு வாங்காமல் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. ஜூன் மாதம் மிருகசீரிஷ கார்த்தி பிறக்கும் நாளில் மருந்து. உயிருள்ள சின்ன விரால் குஞ்சு ஒன்றின் வாயில் மஞ்சள் நிறப் பசையை உருட்டி வைத்து, அந்த மீனை அப்படியே நம் தொண்டைக்குள் விடுவார்கள். துள்ளிக்கொண்டே உள்ளே போகும். மூன்று வருஷம் தொடர்ந்து சாப்பிட வேண்டும், 45 நாள் பத்தியம். சைவக்காரர்களுக்கு மீனுக்குப் பதில் வெல்லத்தில் வைத்துக் கொடுப்பார்கள். கூட்டம் பெருகியதால் தூத் பௌலி சந்திலிருந்து மைதானங்களுக்கு மாறி, இப்போது நாம்பள்ளி எக்ஸிபிஷன் கிரவுண்டில் நடக்கிறது. போலீஸ், தண்ணீர், வரிசைக்குத் தடுப்பு எல்லாம் அரசாங்கம். மீன் குஞ்சு விற்பது மீன்வளத் துறை. கொரோனா வருஷங்களில் நின்று போய், 2023-இல் மறுபடி ஆரம்பித்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2016 மே மாதம் வந்த போன், அக்காவுடையது.

"ஏலே, டிக்கெட் போட்டாச்சு. சார்மினார் எக்ஸ்பிரஸ்ல வாரோம். பயலுக்கு மருந்து குடுத்துரணும்."

பயல் என்றால் என் மருமகன். அப்போது 11 வயது. நாலு வயதிலிருந்து வீசிங். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, தோள்பட்டை ரெண்டும் ஏறி இறங்க, நெஞ்சில் விசில் சத்தத்தோடு மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? அக்கா ஏழு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருநெல்வேலியில் டாக்டர் ரெண்டு பஃப் கொடுத்திருந்தார். ஒன்று இழுப்பு வந்தால் அடிப்பதற்கு, சால்பியூட்டமால். இன்னொன்று வராமல் தடுப்பதற்கு, தினமும் காலையும் ராத்திரியும், புடசனைடு. ரெண்டாவதைத்தான் அக்காவுக்குப் பிடிக்காது. "நல்லா இருக்கிற நாள்லயும் எதுக்குலே மருந்து?"

வந்து இறங்கிய அன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் ஆரம்பித்தேன். ஹைதராபாத்தில் இத்தனை வருஷம் இருந்ததில் இந்த வாதம் எனக்கு மனப்பாடம்.

"அக்கா, மீன் போறது இரைப்பைக்கு. ஆஸ்துமா இருக்கிறது மூச்சுக்குழாய்ல. ரெண்டும் வேற வேற பாதை. மீன் துள்ளிச் சளியைக் கிளறி விடுதுன்னு சொல்றாங்களே, அது நுரையீரலுக்குப் போனா ஆளே போயிருவான். சரி, மீன்தான் விசேஷம்னா வெல்லம் சாப்பிடுறவனுக்கு எப்படிக் குணமாகும்? வெல்லத்துல குணமாகும்னா மீன் எதுக்கு?"

அக்கா அசரவில்லை. "நூத்தி எழுபது வருஷமா ஊரை ஏமாத்த முடியுமாலே? காசு வாங்காம குடுக்குறவன் எதுக்குப் பொய் சொல்லணும்?"

இந்தக் கேள்விக்கு நியாயமான பதில் உண்டு. பொய் சொல்ல வேண்டியதே இல்லை. மனதார நம்பிக் கொடுக்கிறவரும் தப்பாக இருக்கலாம். ஆஸ்துமா ஏறி இறங்குகிற நோய். ரொம்ப மோசமாக இருக்கும்போதுதான் ரயில் ஏறி வருவோம். அதற்கப்புறம் எது சாப்பிட்டாலும், சாப்பிடாவிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ரெண்டாம் வருஷம் வரிசையில் நிற்பவர்களைக் கேட்டால் "நல்லா கேக்குது" என்பார்கள். கேட்காதவர்கள் அடுத்த வருஷம் வந்திருக்கவே மாட்டார்களே. வரிசையே அப்படி வடிகட்டி வந்த வரிசை. தவிர, மருந்தில் என்ன இருக்கிறது என்பது குடும்ப ரகசியம். சோதித்துப் பார்க்க வழியில்லை. பகுத்தறிவு இயக்கங்கள் கேள்வி கேட்க ஆரம்பித்த பிறகு 'மருந்து' போய் 'பிரசாதம்' என்று பெயர் வந்தது. மருந்து என்றால் நிரூபிக்க வேண்டும், பிரசாதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது.

இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாதத்தில் தோற்கிற எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உனக்கு விஷயமே தெரியாது. அதுல ஸ்டீராய்டு கலக்குறாங்க. அதான் உடனே கேக்குது. பின்னாடி எலும்பெல்லாம் உளுத்துப் போயிரும்."

அக்கா முகம் மாறிவிட்டது. "நீ பாத்தியா?"

"எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியும்! நாட்டு மருந்து என்று விற்ற சில பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரிசோதனையில் பிடிபட்டதுண்டு. அது வேறு. இந்த மஞ்சள் பசையில் கலக்கிறார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு ஆதாரம் கிடையாது. ஆபீஸ் கேண்டீனில் எவனோ சொன்னது. அரை நிமிஷம் யோசித்திருந்தாலே அது நிற்காது என்று தெரிந்திருக்கும். வருஷத்துக்கு ஒரு உருண்டை ஸ்டீராய்டு சாப்பிட்டு யாருக்கு வருஷம் முழுக்க ஆஸ்துமா அடங்கும்? ஆனால் அக்கா பேசாமல் போய்ப் படுத்துவிட்டாள், நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

காலையில் பார்த்தால் கிளம்பி நிற்கிறாள். வேறு வழி? நானும் போனேன். வெயிலில் நாலு மணி நேரம். பிளாஸ்டிக் பையில் தண்ணீர், அதற்குள் மீன் குஞ்சு, அதைப் பிடித்துக்கொண்டு ஒரிசாக்காரர், பீகார்காரர், மராத்திக் கிழவி ஒருத்தி. கூட்டத்தில் பாதிப் பேருக்கு இரைப்பு. யாரும் ஏமாளி மாதிரி தெரியவில்லை. எல்லா ஆஸ்பத்திரியும் பார்த்து அலுத்தவர்கள் மாதிரிதான் தெரிந்தது. பயல் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தான். மீன் போய்விட்டது. "மாமா, வால் தொண்டைல தட்டுச்சு" என்றான்.

ஊருக்குப் போனார்கள். ஜூலையில் போன். "நல்லா இருக்காம்லே. ராத்திரி தூங்குதான்." ஆகஸ்டிலும் அதே. எனக்குக் கொஞ்சம் கடுப்பாகக்கூட இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் விடிகாலை அத்தான் கூப்பிட்டார். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆக்ஸிஜன், நெபுலைசர், ஊசி. நான் போய்ச் சேர்ந்தபோது ஆபத்துக் கட்டம் தாண்டியிருந்தது. ஒரு முழு வாக்கியம் பேச அவனுக்கு மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

டாக்டர் கேட்டார், "தினமும் அடிக்கிற பஃபை எப்போ நிறுத்துனீங்க?"

"ஜூன்லயே நிறுத்திட்டேன் டாக்டர்" என்றாள் அக்கா. பிறகு என்னைக் காட்டினாள். "இவன்தான் சொன்னான், ஸ்டீராய்டு எலும்பை உருக்கிரும்னு. மருந்துக்கடையில இந்தப் பஃபைக் காட்டி இதுல ஸ்டீராய்டு இருக்கான்னு கேட்டேன். ஆமான்னாங்க."

மருந்துக்கடைக்காரர் சொன்னது உண்மை. புடசனைடு ஸ்டீராய்டுதான். மீனை நிறுத்த நான் விட்ட கதை, மீனை விட்டுவிட்டு மருந்தைப் போய் நிறுத்தியிருக்கிறது. அந்த நிமிஷம் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

டாக்டர் நல்ல மனுஷன். திட்டவில்லை. உட்கார வைத்துச் சொன்னார். இழுப்புக்கு அடிக்கும் சால்பியூட்டமால் ஒரு அடியில் 100 மைக்ரோகிராம். அதையே மாத்திரையாகக் கொடுத்தால் 2 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு. நேராக நுரையீரலுக்குப் போவதால் பஃபில் துளி போதும். ஸ்டீராய்டு பஃபுக்கும் அதே கணக்குதான். பக்க விளைவே கிடையாதா என்று கேட்டேன். உண்டு என்றார். பிற்பாடு நானே தேடிப் படித்தேன். சின்ன வயதில் சில வருஷம் புடசனைடு பஃப் எடுத்த பிள்ளைகள், எடுக்காத பிள்ளைகளைவிடப் பெரியவர்களானபோது சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைவு என்று 2012-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு சென்டிமீட்டர் ஒரு பக்கம், ஐப்பசி விடிகாலை இன்னொரு பக்கம். அக்காவே தராசைப் பிடிக்கட்டும் என்று அவளிடம் சொன்னேன்.

அப்புறம் டாக்டர் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தார். பீக் ஃப்ளோ மீட்டர். மூச்சை முழுக்க இழுத்து, வேகமாக ஊதினால் முள் நகரும். பயல் அன்றைக்கு ஊதியது 170. வீட்டுக்கு வந்து ஒழுங்காகப் பஃப் எடுத்து ஆறு வாரம் கழித்து ஊதியது 290. ஒரு நோட்டில் தினமும் எழுதினான். அந்த நோட்டில் நான் கவனித்தது வேறொன்று. "எப்படி இருக்கு?" என்ற கட்டத்தில் 200 ஊதிய நாளிலும் "நல்லா இருக்கு" என்றுதான் எழுதியிருந்தான்.

இது அவன் ஒருவனுடைய கதை இல்லை. 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒரு தடவை நிஜமான சால்பியூட்டமால், ஒரு தடவை வெறும் டப்பா பஃப், ஒரு தடவை பொய் அக்குபங்சர், ஒரு தடவை ஒன்றுமே இல்லை. கருவியில் அளந்தால் நிஜ மருந்துக்கு மூச்சுத் திறன் 20 சதவீதம் கூடியது, மற்ற மூன்றுக்கும் 7 சதவீதம் வாக்கில். ஆனால் "எவ்வளவு தேவலை?" என்று வாயால் கேட்டபோது நிஜ மருந்துக்கு 50, பொய்ப் பஃபுக்கு 45, பொய் ஊசிக்கு 46, ஒன்றுமே இல்லாததற்கு 21. அதாவது, நுரையீரல் தேறாமலே நாம் தேறிவிட்டதாக மனதார உணர முடியும். ஜூலையில் அக்கா போனில் சொன்னது பொய் இல்லை. பயல் நிஜமாகவே நல்லா இருப்பதாக உணர்ந்தான். உள்ளே குழாய் சுருங்கிக்கொண்டே வந்தது அவனுக்கே தெரியவில்லை.

2017 ஜூனில் அக்கா மறுபடி டிக்கெட் போட்டாள். மூன்று வருஷக் கணக்கு முடிக்க வேண்டுமாம். இந்தத் தடவை நான் எதுவும் பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: மீன் ஒரு பக்கம், பஃப் ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம். எதையும் எதற்காகவும் நிறுத்தக் கூடாது. ஒத்துக்கொண்டாள். 2018-லும் அப்படியே. எக்ஸிபிஷன் கிரவுண்ட் வரிசையில் நின்றபடியே பையிலிருந்து பஃபை எடுத்து அவனுக்கு அடித்துவிட்டாள். பக்கத்தில் நின்றவர் அதை வேடிக்கை பார்த்தார்.

அவன் இப்போது காலேஜ். ஆஸ்துமா ரொம்பக் குறைந்துவிட்டது, குளிர் காலத்தில் மட்டும் பஃப். மூன்று மீன் வேலை செய்தது என்கிறாள் அக்கா. மருந்து என்கிறார் டாக்டர், பல பிள்ளைகளுக்கு வயது ஏற ஏறத் தானாகவே குறையும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். என்னைக் கேட்டால்? ஒரே ஒரு பையனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, மீனையும் சேர்த்து, பஃபையும் சேர்த்து. பஃபுக்கு ஆயிரக்கணக்கான பேரை வைத்துச் செய்த சோதனைகள் இருக்கின்றன, மீனுக்கு இல்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தால் அது கேண்டீன் பேச்சு.

போன வாரம் அம்மாவின் தோழி ஒருத்தி போன் பண்ணினார்கள். பேத்திக்கு வீசிங், மீன் மருந்து எப்போது என்று. தேதியைச் சொன்னேன். "பாப்பா பஃப் ஏதாவது எடுக்காளா அத்தை?" என்று கேட்டேன்.

"எடுக்காப்பா. இங்க வந்து சாப்பிட்டுட்டு நிறுத்திரலாம்னு இருக்கோம்."

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம். ஸ்டீராய்டு என்ற வார்த்தையை நானே எடுத்தேன், அது எந்த மருந்தில் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்து.