எதிர்மூலை நட்டு

நான் பள்ளிக்கூடம் போன எண்பதுகளில் நைனார்பாளையம் தென்னார்க்காடு மாவட்டத்தின் மேற்குக் கோடியில் இருந்தது. கலெக்டர் ஆபீசுக்குக் கடலூர் போக வேண்டும். ஊருக்குள் கரண்ட் வந்துவிட்டது. எல்லாக் கிணற்றுக்கும் வந்து சேரவில்லை. மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் ஆயில் எஞ்சின் வைத்து இறைத்தார்கள். பெரியப்பாவும் அப்படித்தான். கொல்லையில் மல்லாட்டை, பள்ளத்தில் கொஞ்சம் கரும்பு, வடமேற்கே கல்வராயன் மலை, கிணற்று மேட்டில் கீற்றுக் கொட்டகைக்குள் எஞ்சின். ஹேண்டிலைப் போட்டுச் சுற்றி, வேகம் பிடித்ததும் லிவரை விட்டால் இரண்டு முறை செருமிவிட்டு ஓடத் தொடங்கும். சத்தத்தை வைத்தே அது யார் வீட்டு எஞ்சின் என்று பிள்ளைகள் நாங்கள் சொல்லிவிடுவோம்.

ஒரு மாசி மாதம் எங்கள் எஞ்சினின் சத்தம் மாறியது. அடிக்கு அடி நடுவில் ‘புஸ்’ஸென்று ஒரு காற்று. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கரி ஒழுகியிருந்தது. எஞ்சினைச் சுற்றிக் குளிரவைத்துத் திரும்பும் தண்ணீரில் குமிழி வந்தது. ஓடித் தேய்ந்த பழைய எஞ்சின். “ஹெட் பேக்கிங் போச்சுடா” என்றார் பெரியப்பா. மறுநாள் சின்னசேலத்திலிருந்து மேஸ்திரி சைக்கிளில் வந்தார்.

ஹெட்டைக் கழற்ற அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லோருடைய பொறுமையையும் சோதித்தார். பழைய பேக்கிங்கின் பிசிறைப் பிளேடால் சுரண்டினார். நட்டுகளை மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டு என்னிடம் தேய்க்கக் கொடுத்தார். ஸ்டட்டுகளின் மரை ஒவ்வொன்றையும் கம்பி பிரஷ் வைத்துச் சுத்தம் செய்து, துணியால் துடைத்து, நட்டை விரலாலேயே அடிவரைக்கும் ஓட்டிப் பார்த்தார். எங்கேயாவது பிடித்தால் மறுபடியும் பிரஷ். பெரியப்பாவுக்குத் தாங்கவில்லை. கரும்பு வாடிக்கொண்டிருந்தது.

“ஏம்பா, மரைக்கா பூசை பண்ற? மாட்டி இறுக்கிட்டுப் போவியா?”

“அண்ணே, மரையில அழுக்கு இருந்தா கைக்கு இறுக்கமாத்தான் தெரியும். ஹெட்ட அமுக்காது.”

நான் பாலிடெக்னிக்கில் படிக்கும்போதுதான் அந்தப் பதிலின் கனம் தெரிந்தது. நாம் ஸ்பானரில் கொடுக்கும் முறுக்கில் பாதி, நட்டின் அடிப்பகுதி உராய்வதிலேயே போய்விடும். இன்னொரு 40 சதவீதம் மரைகளின் உராய்வில் போகும். மிச்சமிருக்கும் 10 சதவீதம் சொச்சம்தான் ஸ்டட்டை இழுத்து நீட்டுகிறது. ஆமாம், நீட்டுகிறது. முறுக்கிய ஸ்டட் கண்ணுக்குத் தெரியாமல் நீண்டு, திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் ஹெட்டைப் பிடித்து வைக்கும் பலம். மரையில் துரு இருந்தால் அந்தப் பத்திலும் பிடுங்கிக்கொள்ளும். எண்ணெய் வழிந்தால் நேர்மாறு: அதே முறுக்குக்கு ஸ்டட் அளவுக்கு மேல் நீண்டு, அறுந்தாலும் அறுந்துவிடும். அதனால்தான் மரைக்கு எண்ணெய் விடலாமா கூடாதா என்பதையும் எஞ்சின் செய்தவர் சொல்லியிருக்க வேண்டும்.

எவ்வளவு பலம் வேண்டும்? அந்தக் காலத்தில் பரவலாக இருந்த 5 குதிரைச் சக்தி கிர்லோஸ்கர் ஏவி1 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர். டீசல் பற்றும் கணத்தில் உள்ளே சுமார் 60 பார் அழுத்தம் என்று வைத்தால், ஹெட்டை மேலே தூக்கும் விசை 3 டன். எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். ஆகவே நிமிடத்துக்கு 750 தடவை அந்த 3 டன் தூக்கிப் பார்க்கும். அதை மறிப்பது கட்டைவிரல் பருமன்கூட இல்லாத சில ஸ்டட்டுகள்.

இறுக்கும் நேரம் வந்ததும் பண்ணையாள் அண்ணன் ஆர்வமாக ஒரு இரும்புப் பைப்பைக் கொண்டுவந்தார். ஸ்பானர் வாலில் அதை மாட்டி இழுத்தால் ஜென்மத்துக்கும் கழலாது என்பது அவர் எண்ணம். மேஸ்திரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஸ்பானருக்கு நீளம் வெச்சவன் மடையனா?” என்றார். எனக்கு அன்றைக்கு அது வெறும் கிண்டலாகப் பட்டது. சின்ன நட்டுக்கான ஸ்பானர் குட்டையாகவும் பெரிய நட்டுக்கானது நீளமாகவும் இருப்பது இரும்பை மிச்சம் பிடிக்க அல்ல. சராசரிக் கை இழுத்தால் நட்டு தாங்குமளவுக்கு மேல் போகாதிருக்கத்தான் அந்த நீளம். பைப்பை மாட்டியவுடன் அந்தக் காவல் போய்விடுகிறது.

ஒரு நட்டை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை அவர். ஒன்று, அதற்கு எதிர்மூலை, பிறகு பக்கத்து மூலை, அதன் எதிர்மூலை. பானை வாய்க்கு வேடு கட்டுகிறவர்கள் ஒரே பக்கம் இழுத்தால் மறுபக்கம் தொய்யும் இல்லையா, அந்தக் கணக்கு. முதல் சுற்று லேசாக, இரண்டாம் சுற்று கொஞ்சம் கூட, மூன்றாம் சுற்றுக்கு மட்டும் துணியில் சுற்றி வைத்திருந்த டார்க் ஸ்பானரை எடுத்தார். சேலத்தில் பழைய இரும்புக் கடையில் வாங்கியதாம். நீளமான கம்பி, அதன் மேலேயே தனியாக ஒரு ஊசி, கைப்பிடிக்குப் பக்கத்தில் கோடு போட்ட தகடு. இழுக்க இழுக்கக் கம்பி வளையும், ஊசி வளையாது. அது காட்டும் கோடுதான் முறுக்கு. ஒரு மீட்டர் நீளத்தின் நுனியில் ஒரு கிலோ எடை அழுத்தினால் அது ஒரு கிலோகிராம் மீட்டர், இன்றைய கணக்கில் 9.8 நியூட்டன் மீட்டர். அந்த ஸ்பானரைத் தொட மட்டும் எனக்கு அனுமதி இல்லை. ஊசி கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுவார். இன்னொரு சின்ன இழுப்பு, திருப்திக்காக, கிடையவே கிடையாது. நல்ல மெக்கானிக்கை நான் இன்றும் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

நியூயார்க் நகரத் தண்ணீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் 1918 வாக்கில் இந்தக் கருவியை யோசித்தார் என்பார்கள். குழாய் இணைப்புகளின் போல்ட்டை ஆட்கள் இறுக்கி இறுக்கி அறுத்துவிட்டதுதான் காரணமாம். பைப்பு மாட்டுகிற பண்ணையாள் அண்ணன்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

எஞ்சின் ஓடியது, தண்ணீர் பாய்ந்தது, பெரியப்பா காசு கொடுத்தார். மேஸ்திரி வாங்கிக்கொண்டு, “நாளைக்கு வந்து இன்னொரு தரம் பாக்கணும்ணே” என்றார். சூட்டில் பேக்கிங் அமுங்கிப் படிந்ததும் நட்டு கொஞ்சம் இளகும். சொன்னபடியே சைக்கிளை மிதித்து வந்தார். அதற்குத் தனியாகக் கூலி கேட்கவில்லை.

1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் கரண்ட் இலவசமானது. பிறகு எங்கள் கிணற்றுக்கும் மோட்டார் வந்தது, எஞ்சின் எடைக்குப் போனது. மாவட்டமும் விழுப்புரமாகி, 2019-ல் கள்ளக்குறிச்சியாகிவிட்டது. இப்போது அந்தப் பக்கம் போனால் சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையோரம் டயர் கடைகளில் காற்றுத் துப்பாக்கி வைத்து ‘கிர்’ரென்று சக்கர நட்டுகளை இறுக்குவதைப் பார்க்கிறேன். வரிசை கிடையாது, அளவு கிடையாது. உங்கள் வண்டிக்கு டயர் மாற்றும்போது கடைசி முறுக்கைக் கையால், டார்க் ஸ்பானர் வைத்து, எதிர்மூலையாகக் கொடுக்கச் சொல்லுங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் அச்சிட்டிருக்கும். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, இன்னொரு தரம் பார்த்துவிடுங்கள்.