எவ்வளவு வரணும்?

எங்கள் கல்லூரி இயற்பியல் துறையில் புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு எல்லோருக்கும் 9.8. கொஞ்சம் கவனமான ஆட்களுக்கு 9.81. முதலாம் ஆண்டில் தனி ஊசல் சோதனையைச் செய்பவர்கள் ஐம்பது பேர். ஸ்டாப்வாட்ச் ஆறு. அதில் இரண்டு, அழுத்தினால் உடனே நிற்காது. ஜன்னலைத் திறந்தால் காற்று ஊசலைத் தள்ளும், மூடினால் வேர்வை. இத்தனைக்கும் நடுவே ஐம்பது ரெக்கார்டு நோட்டின் கடைசி வரியிலும் ஒரே விடை வந்து உட்கார்ந்திருக்கும்.

எப்படி வருகிறது என்று பி.எஸ்சி. படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் விடையை எழுத வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால், ஊசல் இருபது முறை ஆட எத்தனை விநாடி ஆகியிருக்க வேண்டும் என்று கிடைக்கும். அதை அப்படியே எழுதினால் சந்தேகம் வரும். அதனால் ஒரு ரீடிங்கில் கொஞ்சம் கூட்டி, அடுத்ததில் கொஞ்சம் குறைக்க வேண்டும். அதற்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு சீனியர் ரெக்கார்டு இருக்கிறது.

பரீட்சை ஹாலில் பிட் அடித்தால் பறக்கும் படை வரும். பேப்பரைப் பிடுங்குவார்கள், வீட்டுக்குத் தகவல் போகும். லேபில் உட்கார்ந்து ரீடிங் தயாரிப்பதற்கு அப்படி ஒரு பெயர்கூடக் கிடையாது. அது வெறும் ‘ரெக்கார்டு எழுதுறது’. மூன்று வருஷமாக நான் யோசித்துக்கொண்டிருப்பது பெயரில்லாத இந்த விஷயத்தைப் பற்றித்தான்.

முதல் செமஸ்டரில் எனக்கும் என் லேப் பார்ட்னருக்கும் 9.58 வந்தது. நீளத்தை அவள் அளந்தாள், ஆட்டங்களை நான் எண்ணினேன். மூன்று முறை செய்தும் அதேதான். லேப் அசிஸ்டென்ட் அண்ணா எட்டிப் பார்த்துவிட்டு, “9.8 வரணும்மா. மாத்தி எழுதி சார்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க. அடுத்த பேட்ச் வெளிய நிக்குது” என்றார். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

“எங்களுக்கு 9.58தானண்ணா வந்துச்சு?” என்றாள் இவள்.

“வந்தது வந்துச்சு. வரணும்ல?”

அவள் மாற்றவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், “ஒரு தடவ தப்பா வந்தா கை தவறிடுச்சுன்னு விட்டுடலாம். மூணு தடவையும் ஒரே மாதிரி தப்பா வருதுன்னா அதுல ஏதோ இருக்கு” என்றாள். அடுத்த வாரம் வேறு சோதனை செய்ய வேண்டிய நேரத்தில் மறுபடி ஊசலைக் கேட்டு வாங்கினாள். அரை மணி நேரம் நூலையும் குண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் பிடிபட்டது. நீளத்தைக் குண்டின் கொக்கிவரை அளந்திருந்தாள். குண்டின் நடுப்புள்ளிவரை அளக்க வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். 98-க்குப் பதில் 100 என்று போட்டதும் 9.77 வந்தது.

அந்த வாரத்துச் சோதனையை நாங்கள் முடிக்கவில்லை. இன்டர்னலில் இரண்டு மார்க் போனது. ஆனால் நடுப்புள்ளிவரை ஏன் அளக்க வேண்டும் என்று எங்கள் வகுப்பில் இன்றைக்கும் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். மற்ற நாற்பத்தெட்டு பேருக்கும் அந்தக் கேள்வி வந்ததே இல்லை. அவர்களுக்கு முதலிலேயே சரியாக வந்துவிட்டதே!

பிறகு ஒருநாள் தேடிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பூமி முழுக்க இந்த மதிப்பு ஒன்று இல்லை. நிலநடுக்கோட்டில் 9.78, துருவங்களில் 9.83. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 9.78. எங்கள் கவனமான ஆட்கள் எழுதிய 9.81 லண்டன் போன்ற ஊர்களுக்குப் பொருந்துகிற எண். தங்கள் ஊர் பூமியை ஒரு முறைகூடக் கேட்காமல், எங்கோ அச்சான புத்தகத்தின் பூமியை எழுதிவிட்டு வந்திருக்கிறார்கள். அவள் கேட்டாள். அது அவளுக்குக் கிட்டத்தட்டச் சரியாகப் பதில் சொன்னது.

‘வரணும்’ என்ற இந்தச் சொல் எங்கள் லேபில் மட்டும் இருப்பதில்லை. 1974இல் கால்டெக் பட்டமளிப்பு விழாவில் ரிச்சர்ட் ஃபெயின்மேன் இதைப் பற்றித்தான் பேசினார். எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளை வைத்து மில்லிகன் அளந்தார். காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் சரியில்லாததால் விடை கொஞ்சம் பிசகியது. பின்னால் வந்தவர்கள் ஒரேயடியாகச் சரியான மதிப்புக்குப் போகவில்லை. மில்லிகனைவிடக் கொஞ்சம் அதிகம், அதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று ஊர்ந்து ஊர்ந்துதான் போனார்கள். காரணம், தங்கள் அளவு மில்லிகனுடையதைவிட ரொம்ப அதிகமாக வந்தால் எங்கே தப்பு என்று குடைந்தார்கள். பக்கத்தில் வந்தால் அவ்வளவாகக் குடையவில்லை. அவர்கள் யாரும் பொய் சொல்ல உட்காரவில்லை. பெரிய பெயருக்கு எதிரே தங்கள் கண்ணை நம்பத் தயங்கினார்கள். எங்கள் கையில் சீனியர் ரெக்கார்டு இருந்தது, அவர்கள் கையில் மில்லிகனின் கட்டுரை இருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒருவர் நம் ஊரிலேயே இருந்தார். 1906இல் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர், கல்லூரி ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒளிப்பட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழாததைப் பார்த்தார். அதை எழுதி அனுப்பினார். லண்டனில் இருந்து வந்த ‘பிலசாபிகல் மேகசின்’ அதை வெளியிட்டது. அப்போது அவருக்கு 18 வயது. பெயர் சி.வி.ராமன். இன்றும் எல்லாக் கல்லூரி இயற்பியல் லேபிலும் ஸ்பெக்ட்ரோமீட்டர் உண்டு. அதில் ஏதாவது கோணலாகத் தெரிந்தால் நாங்கள் செய்கிற முதல் வேலை, கோணல் தெரியாதபடி ரீடிங்கைத் திருத்துவது.

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் யாரையோ குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்கும். இல்லை. என் நண்பன் ஒருவனைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும்.

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவன். ராத்திரி பன்னிரண்டு மணிவரை பைக்கில் உணவு டெலிவரி செய்கிறான். காலை முதல் ஹவரில் அவன் பெயரைக் கூப்பிட்டால் பின் பெஞ்சில் இருந்து வேறு ஒரு குரல் ‘உள்ளேன் ஐயா’ சொல்லும். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது, வண்டி ஓட்டாவிட்டால் பரீட்சைக்குப் பணம் கட்ட முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவனுடைய பிராக்சி இருக்கிறது. அது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு எனக்குக் கோபம் வந்ததில்லை.

ஒருமுறை அவன் என்னிடம் கேட்டான்: “புக்ல இருக்கிற இங்கிலீஷ் பத்தியை வார்த்த மாறாம மனப்பாடம் பண்ணி ஹால்ல கக்குனா ஃபர்ஸ்ட் கிளாஸ். அதே பத்தியை பேப்பர்ல வெச்சுப் பாத்து எழுதுனா டீபார். ரெண்டுலயும் எனக்கு ஒண்ணும் புரியலையேடா, அப்ப என்ன வித்தியாசம்?” எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னும் முழுசாகத் தெரியாது.

போன செமஸ்டரில் அவன் ஒரு அசைன்மென்ட்டைத் தானே எழுத முடிவு செய்தான். தலைப்பு சூரிய மின்கலங்கள். ஆர்டர் வராத நேரங்களில் ஒரு ஓட்டல் வாசலில் உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டில் எழுதினான். சின்னச் சின்ன வாக்கியங்கள். தெரிந்த நூறு நூற்றைம்பது ஆங்கிலச் சொற்களையே திரும்பத் திரும்பப் போட்டிருந்தான். எனக்குக் காட்டினான், இரண்டு இடத்தில் இலக்கணம் திருத்திக் கொடுத்தேன். தட்டச்சு செய்து கொடுத்தான். இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒரு கண்டுபிடிப்புக் கருவியில் ஆசிரியர் அதைப் போட்டுப் பார்த்தார். இது இயந்திரம் எழுதியது என்று அது சொல்லிவிட்டது.

இப்படி நடப்பது புதிதல்ல. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதத்துக்கும் மேல் இயந்திரம் எழுதியது என்று பதில் வந்தது. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளில் இந்தக் குழப்பம் மிகக் குறைவு. எளிய சொற்களும் எதிர்பார்க்கக்கூடிய வாக்கியங்களும் இருந்தால் கருவி சந்தேகப்படுகிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன்னுடைய கண்டுபிடிப்புக் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

திருட்டு எழுத்துக்கென்று யுஜிசி 2018இல் கொண்டுவந்த விதிகள் இருக்கின்றன. ஒற்றுமை 10 சதவீதம்வரை தண்டனை இல்லை. 40வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60வரை என்றால் ஒரு வருஷம் தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. இது முதுநிலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளுக்கு. அசைன்மென்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் இதில் சேராது என்று அந்த விதியே சொல்கிறது. எங்கள் ரெக்கார்டை இந்த அளவுகோலில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஒவ்வொருவரும் ரீடிங்கைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதியிருக்கிறோம், எண்கள் ஒத்துப்போகாது. சொல் ஒத்துப்போகிறதா என்று பார்க்க இயந்திரம் இருக்கிறது. அந்த ஊசல் உண்மையில் ஆடியதா என்று பார்க்க எதுவும் இல்லை.

நண்பனின் நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் நானும் போனேன். அடித்தல் திருத்தலோடு இருந்த பக்கங்களை அவர் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் எண்ணெய்க் கறைகூட இருந்தது. “சரி, விடுங்க” என்று சராசரி மார்க் போட்டார். மன்னிப்பு, விளக்கம் எதுவும் இல்லை. வெளியே வந்ததும் இவன் சொன்னான்: “அடுத்த தடவ அதுலயே எழுத வெச்சுடுறேன்டா. ரெண்டுலயும் ஒரே பேருதான வருது.”

நேர்மையாக இருந்தவனுக்கு நேர்மையால் ஒரு லாபமும் இல்லை என்று தெரிந்துவிட்ட பிறகு அவனிடம் என்ன சொல்வது? நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

எனக்கு உதவியாக இருந்தது எதிர்பாராத ஓர் இடம், பகுதி-1 தமிழ் வகுப்பு. தொல்காப்பியத்தில் ‘என்ப’ என்ற சொல் ஏன் அடிக்கடி வருகிறது என்று தமிழ் ஐயா ஒருநாள் விளக்கினார். என்று சொல்வார்கள் என்பது அதன் பொருள். இது நான் கண்டுபிடித்ததல்ல, எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொன்னது என்று இலக்கணம் எழுதுகிறவர் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே போகிறார். அதனால் அவருக்கு மதிப்புக் குறையவில்லை. பிறரிடம் வாங்குவது தப்பில்லை, வாங்கியதைச் சொல்லிவிட்டால் போதும் என்று எனக்குப் பட்டது. எதைத் தான் செய்தோம், எதைப் பிறர் செய்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடிகிறவனுக்கு, தனக்கு எது தெரியாது என்பதும் தெரிந்துவிடுகிறது. நண்பனின் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பாதிப் பதில் இதுதான். மனப்பாடமோ பிட்டோ, இரண்டிலும் நமக்குத் தெரியாது என்பது நமக்கே மறைந்துபோகிறது.

இந்த செமஸ்டரில் அவன் ஒரு லேப் கிளாஸுக்கு வரவில்லை. முந்தின ராத்திரி மழை, வண்டி பழுது. ரீடிங் கேட்டான். கொடுத்தேன், கூடவே ஒரு நிபந்தனை சொன்னேன். கீழே உண்மையை எழுதணும். முறைத்தான். ஆனால் எழுதினான்: ‘ரீடிங் எடுத்தது என் நண்பன். கணக்கு மட்டும் நான் போட்டது.’ ஆங்கில ரெக்கார்டில் அந்த ஒரு வரி மட்டும் தமிழில்.

சார் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. “இதையெல்லாம் யாருடா எழுதச் சொன்னா?” என்றார். பிறகு, “சனிக்கிழமை மத்தியானம் வா. லேப் திறந்து வெக்கச் சொல்றேன்” என்றார். கையெழுத்துப் போடவில்லை.

சனிக்கிழமை நானும் போனேன். இருட்டறையில் சோடியம் விளக்கு சூடாகி மஞ்சளாக எரிவதற்கே பத்து நிமிஷம் ஆனது. பட்டகத்தின் கோணத்தை அளக்க வேண்டும். எங்கள் வகுப்பில் எல்லோருடைய ரெக்கார்டிலும் சரியாக 60 பாகை. அவன் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஒரு முகத்தில் பட்டு வரும் பிம்பத்தைப் பிடித்தான், பிறகு மறு முகத்துக்குப் போனான். வெர்னியரைப் படிக்க லென்ஸும் செல்போன் வெளிச்சமும் வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்தில் நான்கு முறை எடுத்தான். வித்தியாசம் 119 பாகை 36 கலை. அதில் பாதி, 59 பாகை 48 கலை.

“60 வரல” என்றான்.

“கண்ணாடிய வெட்டுனவன் அப்படி வெட்டியிருக்கலாம். இல்ல, நீ பார்த்ததுல ஏதாவது இருக்கலாம்.”

மறுபடி குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். “எனக்கு இதான்டா வருது” என்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்து 59 என்று எழுத ஆரம்பித்தான்.