ஆடாத மேசை

நாம் மாற்றலாகிச் சென்ற ஊர்களுக்கெல்லாம் நம்மோடு வந்த தகரப் பெட்டி ஒன்று உண்டு. அதன் அடியில், குருமடத்து நாள்களின் குறிப்பேடுகளுக்குக் கீழே, துணியில் சுற்றிய இழைப்புளி ஒன்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்தது. கருவேலங்கட்டையில் குடைந்து செய்தது. அலகு தீட்டித் தீட்டிப் பாதியாகத் தேய்ந்துவிட்டது. அது நம் தந்தையாருடையது.

நம் தந்தையார் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் தச்சுத் தொழில் செய்தவர். கலப்பையும் மாட்டுவண்டியும் கதவு நிலையுமே அவருடைய வேலை. களத்து மேட்டில் நெல்லாகக் கூலி வரும். நாம் குருமடத்தில் சேர்ந்தபோது உடன் பயின்றோர், "தச்சன் மகன்" என்று வேடிக்கையாக அழைத்ததுண்டு. அப்பெயரின் பெருமையை எண்ணி நாமும் மகிழ்ந்ததுண்டு. ஆனால் தந்தையார் எவ்வாறு வேலை செய்தார் என்பதை அந்நாள்களில் நாம் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை. அவர் தரையில் அமர்ந்தே செய்தார். தரையில் அடித்த முளைக்கு எதிரே பலகையின் ஒரு முனையை முட்டுக்கொடுத்து, மறுமுனையைக் குதிகாலால் அழுத்திக்கொண்டு, முதுகை வில்லாக வளைத்து இழைப்பார். வாய்ச்சியால் செதுக்கும்போது காற்பெருவிரலுக்கும் வெட்டுவாய்க்கும் இடையே ஓரங்குலம் இருந்தால் அதிகம். இடது காலில் இரண்டு தழும்புகள் இருந்தன. அறுபது வயதுக்குள் முழங்கால்கள் இரண்டும் கைவிட்டன. தரையில் அமர்ந்தால் எழ முடியாது. எழுந்தால் அமர முடியாது. தரையில் அமர இயலாத தச்சனுக்கு அக்காலத்தில் எவரும் வேலை கொடுக்கவில்லை.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' புயல் கடலூர்க் கரையைக் கடந்தது பலருக்கும் நினைவிருக்கும். அப்போது நாம் பண்ருட்டிப் பக்கத்துப் பங்கு ஒன்றில் இருந்தோம். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பண்ருட்டிப் பலா வெறும் பழமரம் அன்று. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் அம்மரத்தைத் தேடி வருவர். நம் இல்லத்துத் தோட்டத்தில் நின்ற பலாவும் விழுந்தது. அதை விறகாக்க மனம் வரவில்லை. இல்லத்துக் கார் கொட்டகையில் கார் இல்லை; அங்கே ஒரு வேலைமேசை போட்டால் ஆலயத்தின் இருக்கைகளையும் முழந்தாட்பலகைகளையும் நாமே பழுதுபார்க்கலாமே என்று ஆசை பிறந்தது. தச்சன் மகனுக்கு இது கூடவா வராது?

ஜனவரியில் மரத்தை அறுவை மில்லுக்கு அனுப்பினோம். தவக்காலம் பிறக்குமுன் மேசை நின்றுவிட்டது. மஞ்சள் நிறத்தில் பொன்னாகப் பளபளத்தது. வந்தவர்க்கெல்லாம் காட்டினோம். சித்திரை வெயில் தொடங்கியதும் மேற்பலகையில் முதல் வெடிப்பு விட்டது. வைகாசியில் ஒரு மூலை மேலே எழும்பி, மேசை முழுவதும் முறுக்கிக்கொண்டது. நான்கு கால்களில் மூன்றே தரையைத் தொட்டன. இழைப்புளியை முன்னே தள்ளினால் மேசையும் உடன் நடந்தது. ஒருநாள் உளி வழுக்கி நம் இடது உள்ளங்கையில் பாய்ந்து நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. பச்சை மரம் உலர ஓரங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு வேண்டும் என்பதும், உலரும்போது மரம் சுருங்கும் என்பதும் ஊரில் எந்தத் தச்சரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். நாம் கேட்கவில்லை. குருவானவர் கேட்பதைவிடச் சொல்வதிலேயே பழகியவர் அன்றோ! அம்மேசை கடைசியில் கோழிக்கூண்டு ஆயிற்று.

சில ஆண்டுகள் கழித்து வீராணம் ஏரிப் பாசனப் பகுதிக்கு மாற்றலாகி வந்தோம். சேத்தியாத்தோப்பிலிருந்து ஏரிக்கரை வழியே தெற்கே வந்தால், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய அந்தப் பேரேரி முடியுமிடத்தில் லால்பேட்டை இருக்கிறது. பள்ளிவாசல்களும் அரபிக் கல்லூரியும் வெற்றிலைக் கொடிக்கால்களும் உள்ள ஊர். வீட்டுக்கு ஒருவராவது வளைகுடா நாட்டில் இருப்பார் எனலாம். ஆலயத்து முழந்தாட்பலகைகளைப் பழுதுபார்க்க ஆள் தேடியபோது, அவ்வூர்ப் பெரியவர் ஒருவரைக் காட்டினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் வளைகுடாவில் மரவேலைத் தொழிற்கூடத்தில் உழைத்துத் திரும்பியவர். ஊரார் போலவே நாமும் அவரைப் "பாய்" என்றே அழைத்தோம். அவர் நம்மைப் "பாதர்" என்றார்.

நாம் போனபோது அவர் தம் வீட்டுக் கார் கொட்டகையை ஒழித்துக்கொண்டிருந்தார். அங்கும் கார் இல்லை! மகன் வாங்குவான் என்று கட்டிய கொட்டகையாம். "கார் வரும்போது வரட்டும் பாதர், அதுவரை ஒரு பெஞ்சு போட்டுக்கொள்கிறேன்" என்றார். நாம் நம் பலாமரக் கதையைச் சொல்லி உள்ளங்கைத் தழும்பையும் காட்டினோம். அவர் சிரிக்கவில்லை. "மேசை ஆடினால் மரம் ஆடும், மரம் ஆடினால் உளி வழுக்கும். உங்கள் மேல் தப்பில்லை, மரத்தின் மேலும் தப்பில்லை, அவசரத்தின் மேல்தான்" என்றார். பிறகு, "திங்கட்கிழமை உங்களுக்கு ஓய்வுதானே, வாருங்கள், ஒரு கை பிடிக்க எனக்கும் ஆள் வேண்டும்" என்று அழைத்தார். இப்படியாக ஒன்பது திங்கட்கிழமைகள் நாம் லால்பேட்டைக்குச் சென்றோம்.

மரம் வாங்க அவர் மரவாடிக்குப் போகவில்லை. ஊரில் பழைய ஓட்டு வீடுகளை இடித்து மாடி வீடு கட்டுகிறார்கள் அல்லவா? அப்படி இடித்த ஒரு வீட்டின் வேங்கை உத்திரங்களையும் நிலைக்கால்களையும் எடுத்து வந்தார். தலைமுறை தலைமுறையாகக் கூரையின் கீழ்க் காய்ந்த மரம். சுருங்க வேண்டிய அளவெல்லாம் சுருங்கி, வைரம் மட்டும் நின்றது. வெளிறு இருந்த ஓரங்களைக் கறையான் முன்பே தின்று தீர்த்திருந்தது. அதுவும் ஒரு வகையில் உதவிதான் என்றார் பாய். ஆனால் பழைய மரத்தில் பழைய ஆணிகள் ஒளிந்திருக்கும். முதல் இரண்டு திங்கட்கிழமைகளும் காந்தக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஆணி தேடிப் பிடுங்குவதிலேயே போயின.

உயரத்தைத்தான் அவர் முதலில் அளந்தார். நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையைத் தரைக்கு நேராக மடக்கினால் அது எங்கே படிகிறதோ அதுவே மேசையின் உயரம். அவருக்கு 31 அங்குலம் வந்தது. இதைவிடத் தாழ்ந்தால் முதுகு வளையும். உயர்ந்தால் தோள் தூக்கும், உடலின் பாரம் இழைப்புளியில் இறங்காது. வெளிநாட்டில் அவர் நின்ற மேசை நெட்டையான ஆள்களுக்காகப் போட்டது. காலடியில் பலகை அடுக்கி நின்றே இத்தனை ஆண்டும் வேலை செய்தாராம். "இது ஒன்றாவது என் உயரத்துக்கு இருக்கட்டும்" என்றார்.

மேற்பலகைக்கு ஆறங்குல அகலமும் மூன்றங்குலக் கனமும் உள்ள நான்கு உத்திரத் துண்டுகளை ஓரம் இழைத்து ஒட்டினோம். நீளம் ஆறடி, அகலம் இரண்டடி. இத்தனை கனம் எதற்கு என்று கேட்டோம். கொட்டாப்புளியால் அடிக்கும் அடியை மேசை திருப்பித் தரக்கூடாது, விழுங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் விடை. கால்கள் நாலங்குலச் சதுரம். பழைய நிலைக்கால்களை அறுத்தவை. முன்கால்களின் முகமும் மேற்பலகையின் விளிம்பும் ஒரே நேராக இருக்கும்படி வைத்தார். அப்போதுதான் கதவுப் பலகையை நிறுத்திவைத்து ஓரம் இழைக்கும்போது காலோடு சேர்த்துப் பிடிக்க முடியுமாம். பாரிஸ் நகரத்துத் தச்சர் ஆந்த்ரே ரூபோ 1769-இல் வெளியிடத் தொடங்கிய தச்சுநூலில் வரைந்து காட்டியுள்ள மேசையும் இதே அமைப்புத்தான் என்பதைப் பின்னர் ஒரு நூலில் கண்டு வியந்தோம். பாய் அந்த நூலைப் பார்த்தவர் அல்லர்.

கால்களையும் குறுக்குச் சட்டங்களையும் இணைப்பதற்கு அவர் ஓர் இரும்பாணியும் தொடவில்லை. காலில் துளை, சட்டத்தில் கழுந்து. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. கழுந்தைத் துளையில் செருகியபின் குறுக்கே மர ஆணி இறக்குவதில்தான் நுட்பம். காலில் இட்ட துளைக்கும் கழுந்தில் இட்ட துளைக்கும் அரை நூல் விலக்கம் வைத்தார். அதாவது ஓரங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. கூராகச் சீவிய மர ஆணியை அடித்து இறக்கும்போது அது இரண்டு துளைகளையும் நேராக்கப் பார்க்கும். அந்த இழுப்பிலேயே கழுந்து காலோடு இறுகிவிடும். பசை காய்ந்து உதிர்ந்தாலும் பிடி விடாது. முதற்காலில் விலக்கத்தை நாம் தவறாக அளந்து முழு நூலாக வைத்துவிட, ஆணி பாதியில் முறிந்தது. பாய் ஒன்றும் சொல்லாமல் அதைத் துளைத்தெடுத்துவிட்டு வேறோர் ஆணி சீவத் தொடங்கினார்.

நண்பகல் பாங்கு ஒலித்ததும் அவர் கைகால் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் புறப்படுவார். நாம் கொட்டகை வாசலில் அமர்ந்து கட்டளைச் செபத்தை முடிப்போம். அவர் திரும்பும்போது வீட்டிலிருந்து தேநீர் வரும்.

அப்படி ஒருநாள் வீட்டினுள் மாட்டியிருந்த மெக்கா படத்தைப் பார்த்துக்கொண்டே, நம் இல்லங்களில் உள்ள சூசையப்பர் படத்தைப் பற்றி அவரிடம் சொன்னோம். மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாகத் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1955-இல் ஏற்படுத்தியபின் அத்தகைய படங்கள் நம்மிடையே மேலும் பரவின. அவற்றிலெல்லாம் அவர் இடுப்பளவு உயரமான மேசைமுன் நின்று இழைக்கிறார். ஓவியர்கள் தம் ஊர்த் தச்சுக்கூடத்தையே நாசரேத்தாக வரைந்துவிட்டார்கள் போலும். உரோமையர் காலத்து மேசைகள் ஜெர்மனியில் ஸால்புர்க் என்னும் கோட்டைக் கிணற்றிலிருந்து கிடைத்துள்ளன. அவை நான்கு கால் செருகிய தாழ்ந்த பலகைகள். பாய் சற்று யோசித்து, "உங்கள் அத்தா எதில் வைத்து இழைத்தார்?" என்று கேட்டார்.

தரையில் என்றோம். முழங்கால்களைப் பற்றியும் சொன்னோம்.

"என் அத்தாவும் அப்படித்தான்" என்றார் அவர். "படுத்த படுக்கையாகும்வரை தரைதான். நான் வெளிநாட்டில் முதல்நாள் அந்தப் பெஞ்சின் முன்னே நின்றபோது அவர் நினைவுதான் வந்தது. லீவில் வரும்போது ஒன்று செய்து தரலாம் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன். லீவு நாற்பது நாள். கல்யாணம், வீட்டு வேலை, விருந்து. அப்படியே அவர் போய்விட்டார்."

நமக்கு அந்த நினைவுகூட எழுந்ததில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. குருப்பட்டம் பெற்றபின் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தந்தையாருக்குத் தைலம் வாங்கிப் போனோம். செபமாலை வாங்கிக் கொடுத்தோம். அவர் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் அமர்ந்து, சுவரில் சாத்தியிருந்த பலகைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். 31 அங்குல உயரத்தில் நான்கு கால்களும் ஒரு தடித்த பலகையும் அவருக்கு மேலும் பத்தாண்டு வேலையைக் கொடுத்திருக்கக்கூடும். இறையியலில் பட்டம் பெற்ற மகனுக்கு அது தோன்றவில்லை.

எட்டாம் திங்கட்கிழமை மேசையை நிறுத்தினோம். ஆடிற்று! நம் முகம் வாடியதைக் கண்டு பாய்க்குச் சிரிப்பு வந்தது. குற்றம் மேசையில் இல்லை, தரையில். கார் கழுவும் தண்ணீர் வெளியே ஓடுவதற்காகக் கொட்டகைத் தரையை வாசலை நோக்கிச் சரிவாகவே கட்டுவார்கள். அதற்கென்றே கால்களை ஓரங்குலம் நீட்டி விட்டிருந்தாராம். மேலே இரசமட்டத்தை வைத்து, கால்களின் கீழ்ச் சிம்புகளைச் செருகி, குமிழி நடுவில் நின்றதும், ஒரு சிறு கட்டையைத் தரையில் வைத்து நான்கு கால்களிலும் சுற்றிக் கோடு கிழித்து அறுத்தார். பிறகு ஒவ்வொரு காலின் அடியிலும் இரப்பர்த் துண்டு ஒட்டினார். ஐப்பசி கார்த்திகையில் தரையில் ஈரம் ஊறும், கால் அதைக் குடிக்கக் கூடாது என்றார். மேற்பலகையையும் கால்களில் முழுவதுமாக ஒட்டவில்லை. அடைமழையில் அது அகலவாக்கில் ஓரிரு நூல் விரியும், கோடையில் சுருங்கும். அதற்கு இடம் வேண்டும். இதைத்தான் நம் பலாமேசை நம்மிடம் கேட்டது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

வலக்கைக்காரர் என்பதால் இடப்பக்கத்து மூலையில் வைஸ் பூட்டினார். மேசை நூறு கிலோவுக்கு அருகில் இருக்கும். இருவருமாகச் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம்; அசையவில்லை.

ஒன்பதாம் திங்கட்கிழமை செல்லும்போது தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியதை எடுத்துச் சென்றோம். பாய் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அலகைக் கழற்றித் தண்ணீர்க் கல்லில் தீட்டினார். பழைய ஆப்பு உளுத்திருந்ததால் வேங்கைச் சிம்பில் புதிதாக ஒன்று சீவிச் செருகினார். நம் ஆலயத்து முழந்தாட்பலகை ஒன்றை வைஸில் பிடித்து, "நீங்கள் போடுங்கள்" என்று நம் கையில் கொடுத்தார். முதல் மூன்று தள்ளலில் தூள்தான் வந்தது. நான்காவதில் சுருள் வந்தது. முழு நீளத்துக்கு, அறுபடாமல்.

அடுத்த மே மாதம் மாற்றல் ஆணை வந்தது. விடைபெறச் சென்றபோது பாய் இழைப்புளியைத் துணியில் சுற்றி எடுத்து வைத்திருந்தார். நாம் அதை வாங்கி, துணியைப் பிரித்து, மேசையின் பின்விளிம்பில் கருவிகளுக்காக அவர் அமைத்திருந்த பள்ளத்தில் வைத்தோம். துணியை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம்.