குத்தகையில் சேராத மீன்

கருணாபுரம் என்ற பெயரைத் தமிழ்நாடு 2024 ஜூனில்தான் கேள்விப்பட்டது. மெத்தனால் கலந்த சாராயம் அங்கேயும் பக்கத்து ஊர்களிலுமாக 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள். கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கும் அந்தத் தெருக்களுக்கு நான் போனது வேறு வேலையாக. மூட்டை தூக்கும் வேலை கிடைக்காத நாளில் ஏரிக்குப் போய் விரால் பிடிக்கிற பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று நண்பர் சொல்லியிருந்தார். ஜூன் மாதப் பேச்சை நான் எடுக்கவில்லை; அவரும் எடுக்கவில்லை. “ஏரிக்குத்தானே? அஞ்சு மணிக்கெல்லாம் வந்துடுங்க சார், வெயில் ஏறிட்டா அது அடங்கிடும்” என்று மட்டும் சொன்னார்.

அமெரிக்காவில் ஏரியில் தூண்டில் போடுவது என்றாலே பேஸ் என்ற மீன்தான். செடி மறைவில் அசையாமல் நின்று, மேலே நீந்திப் போகும் தவளையைப் பாய்ந்து விழுங்கும். அதைப் பிடிப்பதற்கென்றே படகும் போட்டியும் பரிசுப் பணமுமாக ஒரு பெருந்தொழில் அங்கே நடக்கிறது. நம் ஏரிகளில் பேஸ் இல்லை. அந்த இடத்தில் இருப்பது விரால். தெலங்கானா இதை மாநில மீனாகவே வைத்திருக்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் அதற்குப் பட்டம் எதுவும் கிடையாது. விலை மட்டும் உண்டு.

கச்சிராயபாளையம் சாலையில் சைக்கிளும் ஸ்கூட்டருமாகப் போனோம். மேற்கே கல்வராயன் மலை மங்கலாகத் தெரிந்தது. அங்கே பிறக்கும் கோமுகி ஆற்றை மலையடிவாரத்தில் மறித்து 1960களில் அணை கட்டினார்கள். அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வயலுக்கும், வழியிலுள்ள ஏரிகளுக்கும் போகிறது. நாங்கள் போன ஏரியும் அப்படி நிரம்புவதுதான். கரையில் பனை, உள்ளே கருவேலம், ஓரம் முழுக்கக் கோரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும். ஏரி கெட்டுக் கிடப்பதாக எனக்குத் தோன்றியது. பெரியவருக்கு அதுதான் நல்ல ஏரி.

அவர் உடனே தூண்டில் போடவில்லை. கலங்கல் பக்கம் குந்தி, பீடி பற்றவைத்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கோரை ஓரம் ‘களக்’ என்று ஒரு சத்தம், ஒரு வட்டம். “மூச்சு வாங்குது” என்றார்.

இந்தத் தொழிலின் கணக்கு முழுவதும் அந்த மூச்சில் இருக்கிறது. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே, தலைக்குள், காற்றை வாங்கி வைக்க ஓர் அறை உண்டு. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து வாய் வைத்துக் காற்று குடித்தாக வேண்டும். வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். கலங்கிய, நாறிய, மற்ற மீன் வாழ முடியாத தண்ணீரில் அது பிழைப்பதும் இந்த மூச்சால்தான். கெண்டையும் கட்லாவும் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் வலை வீசலாம். விரால் தன் இருப்பிடத்தைத் தானே சொல்லிவிடுகிறது. கேட்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

வட்டத்தின் அளவு, சத்தத்தின் கனம், அடுத்த மூச்சு எத்தனை அடி தள்ளி வந்தது, எந்தப் பக்கம் போகிறது - இதையெல்லாம் பெரியவர் மனதில் குறித்துக்கொள்கிறார். லேசாகச் ‘சிலுக்’ என்றால் ஜிலேபி. அதற்கு அவர் தலையைத் திருப்புவதுகூட இல்லை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விடப்பட்ட மீன் அது. இன்று எந்த ஏரியில் வலை போட்டாலும் கூடையை அதுதான் நிரப்புகிறது.

அவருடைய சாமான்கள் எளியவை. ஆளைவிட இரண்டு மடங்கு நீள மூங்கில் கழி, கழியளவு நீளத்துக்குத் தடித்த தங்கூசி நரம்பு, பெரிய முள். தக்கையும் இல்லை, ஈயக்குண்டும் இல்லை. கெளுத்திக்கும் குறவைக்கும் மண்புழு போதும். அதற்குத் தக்கை கட்டி உட்கார்ந்துகொள்ளலாம். விராலுக்கு உட்கார்ந்தால் ஆகாது. சிறு தவளையை முள்ளில் கோத்து, தாமரை இலைகளுக்கு இடையே இருக்கும் உள்ளங்கை அகலச் சந்தில் இறக்கி, கழி நுனியால் தட்டித் தட்டி நடக்கவிடுகிறார். இலைமேல் ஏறி, நின்று, மறுபடி தண்ணீரில் குதிக்க வேண்டும். “நிக்கிறப்பதான் அடிக்கும். ஓடிக்கிட்டே இருந்தா பின்னாலயே வந்து பாத்துட்டுப் போயிடும்.”

அடித்தது. தேங்காய் விழுந்ததுபோல் ஒரு சத்தம், இலை இரண்டாய்க் கிழிந்தது. நான் பதறினேன், அவர் பதறவில்லை. நரம்பைத் தளர விட்டு, ஏதோ முணுமுணுத்தார். எண்ணிக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார். அடித்தவுடன் இழுத்தால் தவளைதான் திரும்பி வரும். விரால் அதை வாயில் வைத்துத் திருப்பி, உள்ளே தள்ளி, தன் இடத்துக்குத் திரும்பும்போது நரம்பு ஒரு பக்கமாகச் சாயும். அப்போதுதான் இழுப்பு. இழுத்த பிறகு ஒரு நொடிகூட விளையாட்டுக் காட்டக்கூடாது. கோரைத் தூரைச் சுற்றிவிட்டால் நரம்பு போகும், முள் போகும், மீனும் போகும். கழியைத் தோளுக்கு மேல் தூக்கி ஒரே மூச்சில் கரைக்கு எறிந்தார். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். ஈரச் சாக்கில் போட்டுக் கட்டிவைத்தால் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சந்தையில் அதற்கு நல்ல விலை வருவதே உயிரோடு இருப்பதால்தான்.

எங்கே போடுவது என்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை. நடு ஏரியை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. முழங்காலிலிருந்து இடுப்பு வரை ஆழம், செடி இருக்க வேண்டும், செடிக்குள் சந்து இருக்க வேண்டும். மதகடியில் பெரிய மீன் தனியாக நிற்கும். கலங்கல் வழிந்து கீழே தேங்கிய குட்டையில் நடுத்தர மீன்கள். புதுத்தண்ணீர் வரும் ஐப்பசியில் வாய்க்கால் வாயில் நிற்க வேண்டும். நீரை எதிர்த்து ஏறும், மழை ஈரத்தில் புல்மேல் நெளிந்துகூட அடுத்த வயலுக்குப் போய்விடும். மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்க இறங்க எஞ்சிய பள்ளங்களில் கூடும்.

எதிர்க்கரையில் ஒரு கல்லூரிப் பையன் சுருள் பொருத்திய தடியோடு நின்றான். அவன் வீசியது ரப்பர் தவளை. செடியில் மாட்டாதபடி முள்ளிரண்டும் முதுகோடு படிந்திருக்கும். மீன் கடித்து ரப்பர் நசுங்கினால்தான் முள் வெளியே வரும். அமெரிக்காவில் பேஸ் பிடிக்க வீசும் அதே பொம்மை. இங்கே ஆன்லைனில் வாங்கி விராலுக்குப் போடுகிறார்கள். வீசும் முறையை யூடியூபில் கற்றதாகச் சொன்னான். “அண்ணா, நிறுத்தி நிறுத்தி இழுக்கணும், அதான் டெக்னிக்” என்று எனக்கு விளக்கினான். பெரியவர் கழி நுனியால் செய்வதும் அதையேதான்.

விரால் இனம் அமெரிக்கப் பக்கம் போகும்போது விஷயம் வேடிக்கையாகிறது. 2002இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் க்ராஃப்டன் என்ற ஊர்க் குளத்தில் விரால் இனத்து மீன் ஒன்று அகப்பட்டது. சீனப் பக்கத்து வகை, யாரோ கொண்டுவந்து விட்டது. நாடே அலறியது, குளத்தில் மருந்து ஊற்றி மொத்தமாகக் கொன்றார்கள். அதே ஆண்டில் விரால் இனம் முழுவதையும் இறக்குமதி செய்யத் தடை வந்தது. தங்கள் பேஸின் இரையை அது தின்றுவிடும் என்பது தூண்டில்காரர்களின் பயம். நாம் சாம்பல் போட்டு வழுவழுப்புப் போகத் தேய்த்து, புளி கரைத்துக் குழம்பு வைக்கும் மீனுக்கு அங்கே கிடைத்த மரியாதை இது. பையனுக்கு இந்தக் கதை தெரிந்திருந்தது. பெரியவரிடம் சொன்னேன். “குளத்துல மருந்தா? இங்கயும் ஊத்துவாங்களே” என்றார்.

அவர் சொன்னது குத்தகைக்காரரை. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவார்கள். மீன்பாசிக் குத்தகை என்று பேர். எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டு, வளர்த்து, வலை போட்டு எடுப்பார். அந்த மீனில் வெளியாள் கை வைத்தால் அது திருட்டு. விரால் அவர் விட்ட மீனில்லை. மலைத்தண்ணீரோடும் வாய்க்காலோடும் வந்து, சேற்றில் கிடந்து, தானாய்ப் பெருகியது. அவர் காசு கொடுத்து விட்ட குஞ்சுகளைத் தின்று தீர்ப்பதும் அதுவே. மீன் வளர்ப்புப் பாடத்தின் முதல் பக்கத்திலேயே குஞ்சு விடுமுன் விரால், குறவை, வாளை போன்ற கொன்றுதின்னிகளை ஒழிக்கச் சொல்லியிருக்கும். அதற்கு வழக்கமான மருந்து இலுப்பைப் பிண்ணாக்கு, எக்டேருக்கு 2,500 கிலோ. அதிலுள்ள நஞ்சு மீனைக் கொன்றுவிடும்; பிண்ணாக்கு நாளடைவில் மக்கி எருவாகிவிடும்.

ஆக, தூண்டிலோடு வரும் கூலிக்காரரைக் குத்தகைக்காரர் இங்கே விரட்டுவதில்லை. அவருக்கு எதிரியான மீனை இவர் இலவசமாகக் குறைத்துத் தருகிறார். எழுதாத ஒப்பந்தம்: கழி இருக்கலாம், வலை கூடாது, விரால், குறவை எடுக்கலாம், கட்லா அகப்பட்டால் திரும்ப விட வேண்டும். சட்டப்படி இதற்கு எந்த மதிப்பும் இல்லை. வேலையில்லாத நாளில் ஒரு வீட்டுக்குக் குழம்போ, விற்றால் ஒரு நாள் கூலியில் பாதியோ வருவது இந்த இடுக்கில்தான். ஏரி யாருடையது என்ற பெரிய கேள்வியைவிட இந்தச் சின்ன இடுக்கு எப்படிப் பிழைத்திருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப்பட்டது.

அந்த இடுக்குக்கும் ஆபத்து இருக்கிறது. அது வருவது நல்ல எண்ணத்தோடு. 2017இல் அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கியதிலிருந்து பல ஏரிகளில் தூர் வாருகிறார்கள். தண்ணீர் கூடுதலாகத் தேங்குகிறது, வண்டல் வயலுக்குப் போகிறது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பொக்லைன் செய்யும் வேலையில் ஏரியின் ஓரம் செங்குத்தாகிவிடுகிறது. கோரை முளைக்கும் சரிவு போய்விட்டால் விரால் முட்டையிட இடமில்லை. ஓரத்தில் ஒரு பங்கை அப்படியே விட்டு வெட்டச் சொன்னால் செலவு ஒன்றும் கூடாது என்று நினைக்கிறேன்.

முட்டை என்றதும் குஞ்சுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். செடிகளை விலக்கிச் சிறு வட்டம் செய்து, மிதக்கும் முட்டைகளை அதில் இட்டு, பொரித்த பிறகு வாரக்கணக்கில் விரால் காவல் இருக்கும். குஞ்சுகள் செக்கச் செவேலென்று ஒரே கூட்டமாக மேலே மொய்க்கும். ஐப்பசியில் போனபோது அப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்தேன். கீழே தாயோ தகப்பனோ நிச்சயம் நிற்கும். குறுக்கே எது வந்தாலும், பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடிக்கும். திறமையே இல்லாதவனும் அன்று விரால் பிடிக்கலாம். அதனால்தான் பலர் குஞ்சைத் தேடியே அலைகிறார்கள். எதிர்க்கரையில் அதே கல்லூரிப் பையன் தடியை ஓங்கினான். பெரியவர் இந்தக் கரையிலிருந்தே குரல் கொடுத்தார்: “தம்பி, அத வுடுப்பா. அது போச்சுன்னா அத்தினி குஞ்சையும் ஜிலேபி தின்னுடும்.” பையன் முணுமுணுத்துக்கொண்டே வேறு பக்கம் போனான். இதில் பெரியவர் பக்கம்தான் நான்.

மாசியில் மறுபடி போனபோது குத்தகைக்காரரே கரையில் இருந்தார். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். இந்த வருஷம் விரால் அதிகம், விட்ட குஞ்சில் பாதி தேறுமா என்பதே சந்தேகம் என்று அலுத்துக்கொண்டார். ஏரி வற்றியதும் பள்ளங்களில் பிண்ணாக்கு போட்டு ஒரேயடியாகச் சுத்தம் செய்யப்போவதாகச் சொன்னார். நிறைந்த ஏரிக்குப் போட்டால் பிண்ணாக்கு விலை கட்டாது. தண்ணீர் வற்றித்தான் ஆக வேண்டும்.

பெரியவர் கழியைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். “வத்துனா மண்ணுக்குள்ள போயிடும்ங்க. மேல ஈரம் இருக்கிற வரைக்கும் சாவாது” என்றார் அவரிடமே. குத்தகைக்காரர் சிரித்தார். சேற்றில் காலால் துழாவி விரால் எடுக்க அப்போது ஆள் வேண்டியிருக்கும், வருகிறீர்களா, கூலி தருகிறேன் என்று கேட்டார். எவ்வளவு என்று இவர் கேட்க, பேரம் தொடங்கியது.