தழுவலும் கைப்பேசியும்

2014-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், தெருவோரக் கதவொன்றின்மீது சித்திரமொன்று தோன்றிற்று. ஆணும் பெண்ணும் தழுவி நிற்கின்றனர். ஆனால் ஒருவர் தோளுக்குமேல் மற்றொருவர் தத்தம் கைப்பேசியையன்றோ நோக்குகின்றனர்! நிலவொளி இல்லை, கைப்பேசியின் வெளிச்சமே முகங்களில் வீழ்கின்றது. தீட்டியவர் பேங்க்சி என்னும் மறைபெயரினர். பணமுடையால் தவித்த அருகிலிருந்த சிறுவர் மன்றம் அதை விற்று 403,000 பவுன் பெற்றது.

அச்சுச் சித்திரக்காரர் ஐம்பது படிகள் என்று வகுத்தால் ஐம்பதோடு நிறுத்துவர். ஒவ்வொன்றிலும் 12/50 என்பதுபோல் பென்சிலால் எண்ணிட்டுக் கையொப்பமிடுவர். பின்னர் எவரும் அச்சிடாவண்ணம் தகட்டைக் கீறிவிடுவதும் உண்டு. அளவு உள்ளதாலேயே அதற்கு மதிப்பு. தோட்டத்துக் கிராணியாகிய நமது கைப்பேசிக்கு அளவு ஏது? தொழிலாளி மாலையில் வேலைக்கருவியை வைத்துவிட்டு வீடு செல்கிறான். நமது காரியாலயமோ சட்டைப்பையிலேயே கூட வருகின்றது. பிள்ளைக்குப் பாடம் சொல்லும் வேளையில் நாளைய பெரட்டுக் கணக்குக் கேட்டுச் செய்தி வரும். சம்பளமோ பகலுக்கு மட்டுமே! இரவில் கணக்குக் கேட்கும் மேலதிகாரிக்கு இச் சித்திரத்தையே அனுப்பலாமென நினைத்தோம். அனுப்பினால் அதற்கும் இரவிலேயே பதில் வருமே!