சேஸி சொல்லட்டும்

மோதி நசுங்கிய வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "சரி பண்ண எவ்வளவு ஆகும்?" புது வண்டி என்றால் அது நியாயமான கேள்வி. ஐம்பது வருஷம் ஓடிய வண்டிக்கு அதை முதலில் கேட்டால் பதில் காயலான் கடையில்தான் போய் நிற்கும். பழைய வண்டியின் விஷயத்தில் கேள்விகளின் வரிசை முக்கியம். என்ன மிஞ்சியிருக்கிறது என்பது முதல் கேள்வி. மிஞ்சியதைச் சரிசெய்யக் கையும் பொருளும் இருக்கிறதா என்பது அடுத்தது. பணம் அதற்கும் பிறகு. எங்கள் வீட்டு ஹெரால்டு அடிபட்ட பிறகு எனக்குத் தெளிவானது இந்த வரிசை.

சித்தப்பா 1970-ல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. நான்கு கதவு வண்டி. சந்திலிருந்து வேகமாக வெளியே வந்த ஒரு சரக்கு வேன் அதன் இடது முன்பக்கத்தில் இடித்து, பின் கதவு வரை உரசிக்கொண்டே போனது. யாருக்கும் காயமில்லை. பானெட் ஒருபக்கமாக மடங்கிவிட்டது, முன் சக்கரம் உள்பக்கம் சாய்ந்துவிட்டது, பின் கதவு குழிந்துவிட்டது. பார்த்தவர்கள் கதை முடிந்தது என்றார்கள்.

முடியவில்லை. அதற்குக் காரணம் ஹெரால்டு பிறந்த விதம். 1950-களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்துக்கு உடல்கூடு செய்து தந்த ஆலை, போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து தர ஆளில்லை. ஆகவே தனியாக ஒரு சேஸி என்ற அடிச்சட்டம், அதன்மேல் வெவ்வேறு இடங்களில் செய்த பகுதிகளைப் போல்ட் போட்டு முடுக்குவது என்று வண்டியை வடிவமைத்தார்கள். தோற்றம் தந்தவர் டூரின் நகரத்து ஜியோவானி மிக்கெலோட்டி. 1959-ல் இங்கிலாந்தில் வந்தது. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரிலும் செய்தார்கள். துண்டு துண்டாக வந்து சேர்த்து முடுக்கப்படும் வண்டி, சொந்தமாகக் கார் செய்யப் பழகிக்கொண்டிருந்த நாட்டுக்கும் தோதாக இருந்தது.

அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் இப்படியல்ல. அவற்றில் உடலே சட்டம். தரையும் தூணும் கோணினால் வண்டியே கோணியதுதான். ஹெரால்டில் உடல் எவ்வளவு நசுங்கினாலும் கழற்றிவிட்டுச் சேஸியைத் தனியாக நிறுத்திப் பார்க்கலாம். ஆகவே தீர்ப்பைச் சேஸி சொல்லட்டும் என்று முடிவெடுத்தோம்.

சேஸியை அளந்த நாள் நான் பட்டறையில் இருந்தேன். எங்களுக்கு வெகுகாலமாக வேலை செய்கிற டிங்கர் பாய், மட்டம் பார்த்த சிமெண்டுத் தரையில் சேஸியை நான்கு ஸ்டாண்டுகள்மேல் ஏற்றினார். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை ஒவ்வொரு போல்ட் துளையிலிருந்தும் தொங்கவிட்டு, ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்து, அது காட்டிய இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைத்தார். எல்லாம் முடிந்ததும் சேஸியை நகர்த்திவிட்டார். தரையில் வெறும் புள்ளிகள் மட்டும். அவற்றுக்கிடையே குறுக்கும் நெடுக்கும் நூல் பிடித்து மூலைவிட்டங்களை ஒப்பிட்டோம். பின்பாதியில் இரண்டு பக்கமும் ஒத்துப்போயின. முன்பாதியில் இடதுபக்க நீளம் குறைவு.

"நடு நல்லாருக்கு சார். மூக்குதான் திரும்பியிருக்கு. இழுத்து நேராக்கிடலாம். நடுவுல கோணியிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

"நேராக்கினா பலம் குறையாதா பாய்?"

"மடிஞ்சிருந்தா குறையும். இது வளைஞ்சிருக்கு. மடிப்பு ஏதாவது தெரிஞ்சா அந்தத் துண்டை வெட்டிட்டு வேற வைப்போம்."

மடிந்ததற்கும் வளைந்ததற்கும் உள்ள இந்த வித்தியாசம் எந்த மதிப்பீட்டுத் தாளிலும் வராது. மடிந்த இரும்பை நேராக்கினால் அந்த இடம் விரிசலுக்குக் காத்திருக்கும்.

பிறகு கண்ணுக்குத் தெரியாத சேதம். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்பின் கீழ்முனை, மரைபோட்டு ஒரு பித்தளைத் துண்டுக்குள் இறங்கியிருக்கும். ட்ரன்னியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த மரையிலேதான் சக்கரம் திரும்புகிறது. எண்ணெய் விடாமல் விட்டாலே முறியக்கூடிய இடம். மோதிய பிறகு கேட்கவே வேண்டாம். வெளியில் கீறல் தெரியாவிட்டாலும் அதைத் திரும்பப் போடக்கூடாது என்று பாய் கண்டிப்பாகச் சொன்னார். நல்லவேளை, ஹெரால்டின் இத்தகைய உள்பாகங்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள், வரவழைத்துவிடலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. இங்கிலாந்தில் அதற்குப் பின் கதவு என்ற ஒன்றே கிடையாது. சென்னையின் உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் தேடினேன், கிடைத்தது எங்களுடையதைவிடத் துருவேறியிருந்தது. பயமுறுத்திய முன்பக்கத்துக்கு வழி இருந்தது. யாரும் பொருட்படுத்தாத கதவுக் குழிதான் வண்டியின் தலையெழுத்தைத் தீர்மானிப்பதாக நின்றது. அதற்கு ஒரே வழி கை. உள்ளே டாலி என்ற இரும்புக் கட்டையைக் கொடுத்து, வெளியே மரச் சுத்தியலால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல மெல்ல ஒடுக்கு எடுக்க வேண்டும். அவசரப்பட்டு நடுவில் அடித்தால் தகடு நீண்டுபோகும். பிறகு எவ்வளவு பட்டி பூசினாலும் மேடு மறையாது. அந்தப் பொறுமை உள்ளவர்கள் குறைந்துவருகிறார்கள். கதவையே மாற்றிவிடுவது இப்போதைய வழக்கம். பழைய வண்டி ஒன்றைச் சரிசெய்யும்போது அந்தக் கைவேலைக்கும் ஒரு பிழைப்பு கிடைக்கிறது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி பணம். காப்பீட்டில் எல்லாம் ஐ.டி.வி. என்ற, வண்டிக்கு அறிவிக்கப்பட்ட மதிப்பை வைத்துத்தான். பழுதுச் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது முழு இழப்பு. ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு அந்த மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசித்தான் முடிவுசெய்கிறார்கள். குறைந்த பிரீமியத்துக்காகக் குறைந்த மதிப்பு போட்டுக்கொண்டால், சின்ன மோதலே வண்டியைக் காகிதத்தில் கொன்றுவிடும். பத்து வருஷத்துக்கு மேல் ஆன வண்டியின் உலோகப் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். ரப்பர், பிளாஸ்டிக்குக்கும் பாதி. கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை.

விலைமதிப்புள்ள வண்டி என்றால் கணக்கே வேறு. நடிகர் ரோவன் அட்கின்சன் 2011-ல் மோதிய மெக்லாரன் எஃப்1 காருக்குச் சுமார் 9 லட்சம் பவுண்டு செலவழித்துச் சரிசெய்தார்கள். 2015-ல் அது சுமார் 80 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. அங்கே சந்தையே பதில் சொல்லிவிட்டது. ஹெரால்டுக்கு அந்தச் சந்தை இல்லை. செலவழிப்பதை விற்று எடுக்க முடியாது என்று தெரிந்தே இறங்க வேண்டும்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது பதிவு. வண்டி இனி ஓடவே ஓடாது என்றானால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவு ரத்தாகும். 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிகள், 50 வருஷத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்குத் தனி இடம் தருகின்றன. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேஸியிலோ உடலிலோ எஞ்சினிலோ கணிசமான மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி போய்விடும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது.

மிக்கெலோட்டியின் ஊரான டூரின் பெயரிலேயே பழைய வாகனங்களுக்கென ஒரு சாசனம் இருக்கிறது. பழைய பொருளை முடிந்தவரை காப்பாற்று, செய்த மாற்றத்தைப் பதிவுசெய் என்பது அதன் சாரம். எனக்கு அது முழுக்கச் சம்மதம். எண்ணையும் சேஸித் தகட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் புதிதாக மாற்றினால் நாம் காப்பாற்றியது ஒரு பெயரை மட்டுமே. எங்கள் சேஸியின் நடு கோணியிருந்தால், கனத்த மனதோடு அதை இன்னொரு ஹெரால்டுக்கு உதிரிபாகமாகக் கொடுத்திருப்பேன். அதுவும் ஒரு கௌரவமான முடிவுதான்.

சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "டேய், ஓட்டறதுக்குத்தான் வாங்கினேன். பயமில்லாம ஓடும்னா பண்ணு. பொம்மையா நிக்க வைக்கறதுக்குன்னா குடுத்துடு" என்றார். அந்த ஒரு சொல்தான் முடிவு செய்தது: பயமில்லாமல். சீட் பெல்ட்டும் மோதலை வாங்கிக்கொள்ளும் முன்பகுதியும் இல்லாத காலத்து வண்டி அது. ஸ்டியரிங், பிரேக், சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள் இவற்றில் பழமை பார்க்கக்கூடாது. புதிதாகவே போட வேண்டும். தகட்டிலும் கதவிலும் உள்ளதைக் காப்பாற்ற வேண்டும். இந்தப் பிரிவினையோடு வேலையைத் தொடங்கச் சொன்னோம்.

இதே நிலையில் நிற்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது. மோதிய வாரத்திலேயே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கழன்று விழுந்த ஒவ்வொரு துண்டையும், உடைந்த விளக்கு வளையத்தைக்கூட, சாக்கில் கட்டி வையுங்கள். நாளைக்கு அதுதான் மாதிரி. உடலைத் தூக்கிச் சேஸியை அளக்கத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடியுங்கள். அவர் வேண்டாம் என்றால் கேளுங்கள். ஆகும் என்றால், அந்தக் கை ஓய்வதற்குள் செய்துவிடுங்கள்.