18 குழி... 365 படி!

‘யுனிவர்சிட்டிக்குள்ளேயே கோல்ஃப் மைதானம் இருக்காமே?’ என்று கேன்டீனில் கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் நம்ப மாட்டார்கள். நெஜம்தான் பாஸ்! அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மைதானம் 1926-லும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மைதானம் 1930-லும் திறக்கப்பட்டவை. ரெண்டுமே 18 குழி. டைகர் உட்ஸ் 1994-ல் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்து, ரெண்டு வருஷம் அந்தக் கல்லூரிக்காக ஆடிவிட்டுத்தான் புரொஃபஷனல் ஆனார்.

நம்ம பக்கம் பல காலேஜில் கிரிக்கெட் ஆடவே இடம் தேடணும். இதுல கோல்ஃபா? சரி, கோல்ஃபை விடுங்க. காசு கேட்காத, கேட் போடாத ஒரு பயிற்சிக்களம் நம்ம பக்கத்திலேயே இருக்கு. சென்னையிலிருந்து எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினால் திருத்தணி.

அதைப் பார்ப்பதற்கு முன், கோல்ஃபின் தாய்வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ். 1413-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள ஊர். ஆனால், அங்கே இருக்கும் புகழ்பெற்ற ‘ஓல்டு கோர்ஸ்’ பல்கலைக்கழகத்தின் சொத்து இல்லை. ஊர்ப் பொது நிலம். அந்த மணல்வெளியில் விளையாட ஊர்மக்களுக்கு உரிமை உண்டு என்று 1552-லேயே ஆர்ச்பிஷப் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1764-ல் இங்கே 22 குழி 18 ஆனது. பிறகு உலகம் முழுக்க அதுவே கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு ஜாலியாக அதில் நடக்கலாம்!

அதே ஆட்டம் நம்ம ஊருக்கு வந்தபோது கேட்டும் வாட்ச்மேனும் கூடவே வந்துவிட்டார்கள். 1884-ல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப், கிண்டி குதிரைப் பந்தய மைதானத்துக்குள் கோல்ஃப் மைதானம் அமைத்தது. உள்ளே போக மெம்பராக இருக்க வேண்டியிருந்தது.

அந்த துரைமார் காலத்தில் ஜனவரி 1 வந்தால், பழத்தட்டும் மாலையுமாக அவர்கள் பங்களா வாசலில் போய் நிற்பது நம்மவர்கள் வழக்கம். வள்ளிமலை சுவாமிகளுக்கு அது பிடிக்கவில்லை. துரைக்கெல்லாம் பெரிய துரை தணிகை மலைமேல் இருக்கும்போது, முதல் கும்பிடு அவனுக்குத்தானே என்பது அவர் வாதம். 1917-ல் திருப்படித் திருவிழாவை ஆரம்பித்தார். டிசம்பர் 31 அன்று படிக்கு ஒரு திருப்புகழ் பாடி, சூடம் ஏற்றி, ஒவ்வொரு படியாக ஏறி, புத்தாண்டில் முருகனைப் பார்ப்பது. இன்றைக்கும் ஜே ஜே என்று நடக்கிறது.

இனி வசதிகள். மொத்தம் 365 படிகள், வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை. ஏறுவதற்குக் கட்டணம் கிடையாது. டிரெஸ் கோட்? வெறுங்கால்தான் வழக்கம். அடிவாரத்தில் சரவணப்பொய்கை. முடியாதவர்களுக்கு உச்சிவரை வண்டி போகும் ரோடும் உண்டு. மொழிப் பிரச்னையும் இல்லை. தமிழும் தெலுங்கும் கலந்தே காதில் விழும். ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல்தான் திருத்தணி ஆந்திராவிலிருந்து நம்மோடு சேர்ந்தது.

இன்ஜினீயரிங் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். ஒரு படி 15 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், 365 படிக்குக் கிட்டத்தட்ட 55 மீட்டர். 60 கிலோ ஆள் ஏறினால் செய்யும் வேலை சுமார் 32 கிலோ ஜூல். உடம்பின் திறன் 25 சதவிகிதம் என்று எடுத்தால், எரிவது ஏறக்குறைய 31 கலோரி. அதாவது, ஒரு இட்லிகூட தேறாது! அப்புறம் ஏன் மச்சி இப்படி மூச்சு வாங்குது? மூணு வருஷமா ஹாஸ்டல் கட்டிலும் கம்ப்யூட்டருமா கிடந்தா பின்னே என்ன ஆகும்!

இதை முன்கூட்டியே யோசித்தவரும் திருத்தணிக்காரர்தான். 1888-ல் இங்கே பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் தலைமையில் 1948-49-ல் இயங்கிய பல்கலைக்கழகக் கல்விக் கமிஷன், மாணவ மாணவிகளுக்கு இரண்டு வருஷ உடற்கல்வி கட்டாயம் வேண்டும் என்றது. அவர் பிறந்தநாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்தச் சிபாரிசு மட்டும் பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிய அன்றே காலி!

திருத்தணிப் படி, பக்தர்களின் படி. அதை ஜிம் ஆக்குங்கள் என்று சொல்லவில்லை. ஆனால், எல்லாருக்கும் பொதுவாக ஓர் இடம் இருந்தால் நூறு வருஷம் ஆனாலும் ஜனம் வந்துகொண்டே இருக்கும் என்பதற்கு இந்த மலை சாட்சி. 2024 செப்டம்பரில் ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து, கிண்டியில் சுமார் 160 ஏக்கரைத் தமிழக அரசு எடுத்துக்கொண்டது. அதில் 118 ஏக்கரைப் பூங்காவுக்கென ஒதுக்கியது. நல்ல சேதி. அப்படியே ஊருக்கு ஒரு மைதானம், காலேஜுக்கு ஒரு மைதானம், பூட்டாத கேட்டோடு கொடுத்தால் போதும். குழி வெட்டித் தர வேண்டாம்; ஸ்டம்ப் நட நாங்களே வெட்டிக்கொள்கிறோம்!